ஆர்.சி.யில் உள்ள கார்தான் என் வாசலில் நிற்கிறதா?

நெல்லிக்குப்பம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பழைய வாகனங்கள் விற்கும் ஒரு கடையில் கிராண்ட் ஐ10 பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பி.ஒய்.01, அதாவது புதுச்சேரிப் பதிவு. அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போய் வருவதற்காக வாங்கியது. பேசிய விலையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டேன். வண்டி என் பெயருக்கு மாறிய பிறகு தருவதாக 40,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருக்கிறோம். ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று அட்டை, நடப்பு இன்சூரன்ஸ் பத்திரம், ஆர்.சி.யில் பெயருள்ளவர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30, இரண்டு சாவிகள் ஆகியவை என்னிடம் இருக்கின்றன.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரம் இது: "2019 மாடல், ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர், விபத்து இல்லை, தண்ணீர் படாத வண்டி." ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் ஆயில் மாற்றக் கொடுத்தபோது அங்கிருந்த மெக்கானிக், "இது 2018 வண்டி, முன் கண்ணாடியும் மாற்றியது" என்றார். கடையில் கேட்டால், "ஆர்.சி.யைப் பாருங்கள், 2019 ஜனவரி என்றுதானே இருக்கிறது" என்கிறார்கள். இருவருமே உறுதியாகப் பேசுகிறார்கள். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் நான் உண்மையில் எதை வாங்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

வில்லியனூர் பட்டறை:

சகோதரி, அந்த இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆர்.சி.யில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, பதிவு செய்த தேதி. மற்றொன்று, உற்பத்தி மாதமும் ஆண்டும். வாங்குபவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் தொழிற்சாலையை விட்டு வந்த கார் ஜனவரியில் பதிவாவது சாதாரணமாக நடப்பதுதான். புதிதாக வாங்குபவர்களே "ஜனவரிப் பதிவு வேண்டும்" என்று கேட்டுக் காத்திருப்பார்கள். அது மோசடி அன்று. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் 2018-க்கு ஒரு விலை, 2019-க்கு ஒரு விலை. அந்த வித்தியாசம் யார் பைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

அட்டையை மட்டும் நம்ப வேண்டாம், இரும்பைப் பாருங்கள். வண்டியின் உடல் தகட்டில் பொறித்திருக்கும் சேசிஸ் எண் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். முதல் மூன்று எழுத்துகள் தயாரித்தவரைச் சொல்லும். உங்கள் கார் ஹூண்டாய் என்பதால் எம்.ஏ.எல். என்று தொடங்க வேண்டும். மாருதிக்கு எம்.ஏ.3, டாட்டாவுக்கு எம்.ஏ.டி. பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து பெரும்பாலான நிறுவனங்களில் ஆண்டைக் குறிக்கும். 2010-க்கு ஏ, 2011-க்கு பி என்று வரிசையாகப் போய் 2017-க்கு ஹெச், ஐ இல்லாததால் 2018-க்கு ஜே, 2019-க்கு கே. எல்லா நிறுவனங்களும் இப்படி எழுதுவதில்லை. பல மாருதி வண்டிகளில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். ஹூண்டாயில் இந்தக் கணக்கு சரியாக வரும்.

எண்ணைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் படிவத்தில் ஒட்டிக் கொடுப்பதும் இதே படிதான். தாளில் 17 எழுத்துகளும் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில் விழ வேண்டும். ஓர் எழுத்து மட்டும் தடித்தோ சற்றே இறங்கியோ இருந்தாலும், எண்ணைச் சுற்றியுள்ள தகடு மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தாலும், வெல்டிங் வரி கையில் தட்டுப்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விபத்தில் நொறுங்கிய வண்டியின் காகிதங்களை வாங்கித் திருட்டு வண்டிக்குப் பொருத்துபவர்கள் வேலை செய்வது அந்த ஒரு சாண் தகட்டில்தான்.

முள்ளோடைக்காரன்:

அக்கா, மெக்கானிக் அண்ணன் இரும்பைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன். என் வீடு எல்லையில். கடலூர்ச் சாலையில் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பி.ஒய். வண்டியை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திண்டாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ வண்டி எண்ணை இட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், அது போதும். உற்பத்தி ஆண்டு, எரிபொருள், காப்பீடு முடியும் நாள், வண்டியின்மேல் கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். கடன் அடைத்த ரசீதை மட்டும் காட்டி "முடிந்துவிட்டது" என்பார்கள். வங்கி கொடுக்கும் தடையின்மைக் கடிதத்தோடு படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ.வில் கொடுத்து நீக்காதவரை ஆர்.சி.யில் கடன் கடனாகவே நிற்கும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பாருங்கள். அது இருந்தால் பிறகு எல்லாமே இழுபறிதான்.

திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' இருக்கிறது. பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண் மூன்றையும் கொடுத்தால் நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலாவது காணாமல் போன பட்டியலில் அந்த வண்டி இருக்கிறதா என்று அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். நீங்கள் பென்சிலால் தேய்த்தெடுத்த எண்ணைக் கொடுங்கள். அப்போதுதான் கேள்வி காகிதத்தைப் பற்றியதாக இல்லாமல் வண்டியைப் பற்றியதாக இருக்கும்.

இன்னொன்று. ஆர்.சி.யில் பெயருள்ளவரிடம் நேரில் பேசினீர்களா? கடைக்காரர் கொடுத்த கையெழுத்துப் படிவத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பெயர் மாற்றும்போது ஓ.டி.பி. இப்போது அவர் கைப்பேசிக்குத்தான் போகும்.

நெல்லிக்குப்பம் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்தேன். மெக்கானிக்கே இடத்தைக் காட்டிப் படி எடுத்துக் கொடுத்தார். எம்.ஏ.எல். என்றுதான் தொடங்குகிறது. பத்தாவது எழுத்து ஜே. ஆர்.சி.யிலும் உற்பத்தி 2018 நவம்பர் என்றே அச்சாகியிருக்கிறது. யாரும் மறைக்கவில்லை, நான் கேட்டவர்கள் யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டும் பொருந்துகின்றன. எழுத்துகள் ஒரே சீராக இருக்கின்றன. கடன் பதிவு இல்லை. திருட்டுப் பட்டியலில் இல்லை. அபராதம் ஒன்று மட்டும் பாக்கி.

முன் கண்ணாடி பற்றி மெக்கானிக் சொன்னதும் சரி. கண்ணாடியின் மூலையில் சிறிதாக அச்சிட்டிருக்கும் ஆண்டுக் குறி மற்றக் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது, முன் கண்ணாடியில் மட்டும் வேறு.

இன்சூரன்ஸ் பத்திரத்தையும் முழுதாகப் படித்தேன். 2025 ஜனவரியில் புதுப்பித்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்ற இடத்தில் பூஜ்யம் சதவீதம் என்று இருக்கிறது. அதற்கு ஏதாவது பொருள் உண்டா?

ஓய்வுபெற்ற சர்வேயர்:

உண்டு, அம்மா. நீங்கள் படித்த தாள்களிலேயே அதிகம் பேசுவது அந்தப் பூஜ்யம்தான். காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓராண்டு இழப்பீடு எதுவும் கோராமல் இருந்தால் மறு ஆண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45, கடைசியாக 50. அதற்கு மேல் ஏறாது. உங்கள் வண்டி 2019 ஜனவரியில் பதிவானது. யாரும் எதுவும் கோராமல் இருந்திருந்தால் 2024 ஜனவரியிலேயே 50-ஐத் தொட்டிருக்கும், 2025 ஜனவரியிலும் 50 இருந்திருக்கும். பூஜ்யம் ஆவதற்கு மூன்று வழிகள்தான் பொதுவாக உண்டு. வண்டி கைமாறிப் புது உரிமையாளர் பெயரில் பத்திரம் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடு போகும். அல்லது பத்திரம் காலாவதியாகி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்க வேண்டும். அல்லது முந்தைய ஆண்டில் இழப்பீடு வாங்கியிருக்க வேண்டும்.

ஆர்.சி.யில் உரிமையாளர் வரிசை எண் என்ன என்று பாருங்கள். 1 என்றால் முதல் வழி அடைபட்டது. இப்போதைய பத்திரத்தில் முந்தைய பத்திரத்தின் எண்ணும் முடிந்த தேதியும் இருக்கும். இடைவெளி இல்லை என்றால் இரண்டாவதும் அடைபட்டது. மிஞ்சுவது 2024-ல் ஏதோ ஓர் இழப்பீடு.

2024-ன் கடைசியில் புதுச்சேரியில் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகர்ப் பக்கம் ராணுவம் படகில் வந்து மக்களை மீட்டது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரையும் மூழ்கடித்தது. அந்த வாரம் தெருவில் நின்றிருந்த கார்கள் எத்தனையோ. பட்டறைகளில் இருக்கைகளைக் கழற்றி வெயிலில் அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் ஒன்றை உடனே செய்யுங்கள். முன் இருக்கைகளின் சீட் பெல்ட்டை முழுதாக, இனி வராது என்னும் அளவுக்கு வெளியே இழுங்கள். அன்றாடம் நாம் இழுப்பது பாதி நீளம்தான். மீதி, கதவை ஒட்டிய தூணின் அடியில் உள்ள உருளையில் சுருண்டே கிடக்கும். காரைக் கழுவுபவர்கள் கம்பளத்தை மாற்றுவார்கள், வாசனைத் தெளிப்பான் அடிப்பார்கள். அந்தச் சுருளைத் தொடமாட்டார்கள். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த தேதியும் இருக்கும், அதையும் படியுங்கள்.

நூறடிச் சாலை வாகன விற்பனையாளர்:

நானும் இந்தத் தொழிலில் இருப்பவன். ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டு கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் ஒரு கல் போதும், முன் கண்ணாடி விரிந்துவிடும். அதற்கு இழப்பீடு வாங்கினாலும், போனஸைக் காக்கும் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழிய, போனஸ் பூஜ்யமாகிவிடும். கண்ணாடி மாற்றியிருப்பதாக அவரே சொல்கிறார். இரண்டும் சேர்ந்து போகிறதே.

எங்களிடம் வண்டி வரும்போது உரிமையாளர் எல்லாவற்றையும் சொல்வதில்லை என்பதும் உண்மை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன விற்பனையாளர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டியை வாங்கியவுடன் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நேர்மையாக நடப்பவர்களுக்கு அது நல்லதுதான். சகோதரி, அந்தக் கடையில் அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் பெற்றவராக இருந்தால் பேசித் தீர்ப்பது எளிது, அவருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

ஐயா சொல்வது சரியான மறுப்பு. கண்ணாடி மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். அதனால்தான் பெல்ட்டைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி உடைந்தால் பெல்ட்டில் சேறு வராது.

ஆர்.எக்ஸ். ரசிகன், பண்ருட்டி:

காரைப் பற்றிய பேச்சில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருசக்கர வாகனம் வாங்குபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. இன்றும் கடலூர், பண்ருட்டி பக்கம் "அசல் வண்டி" என்று சொல்லி விற்கிறார்கள், விலையும் கேட்க முடியாத அளவில் இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரு வண்டியின் சேசிஸில் இன்னொரு வண்டியின் என்ஜினைப் பொருத்தியவை. ஓட்டிப் பார்த்தால் தெரியாது. சத்தம் அருமையாக இருக்கும். ஆர்.சி.யோடு என்ஜின் எண்ணை ஒப்பிட்டால்தான் தெரியும்.

என்ஜின் மாற்றுவது தவறு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காவல்துறை கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைசியாக வாங்கியவர். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் எண்ணைப் பார்ப்பார். பல பேருக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரியவருகிறது. ஆசையாக வாங்கிப் பளபளவென்று தேய்த்து வைத்த வண்டியைச் சாலையில் எடுக்க முடியாமல் கொட்டகையில் நிறுத்தியிருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

நெல்லிக்குப்பம் வாசகி:

பெல்ட்டைப் பார்த்துவிட்டேன்.

ஓட்டுநர் பக்கம் பெல்ட் மிகச் சுத்தம். அடியில் உள்ள சீட்டைப் படித்தால் தயாரிப்பு 2024 டிசம்பர். 2018 காரில் ஆறு ஆண்டு இளைய பெல்ட். பக்கத்து இருக்கையின் பெல்ட் 2018-ஐச் சேர்ந்தது. அதை முழுதாக இழுத்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி ஒரு முழம் வெளியே வந்ததும் நிறம் மாறியது. கருநிறத் துணியின் குறுக்கே மங்கலான பழுப்புக் கோடு, அதற்குக் கீழே முழுவதும் பழுப்பு. நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்கிறது. பின் இருக்கைப் பெல்ட்டுகள் சுத்தமாகவே இருக்கின்றன. உரிமையாளர் வரிசை எண் 1. பழைய பத்திரத்துக்கும் புதியதற்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

வில்லியனூர் பட்டறை:

சரி, இனி சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பதைப் பார்ப்போம், அதில்தான் எல்லாம் இருக்கிறது. முன் பெல்ட் உருளை தூணின் அடியில், தரைக்குச் சற்று மேலே இருக்கும். பின் பெல்ட் உருளை உயரத்தில். முன்னது நனைந்து பின்னது நனையவில்லை என்றால் தண்ணீர் தரைக் கம்பளத்துக்கு மேல் ஏறி, இருக்கையின் அடிப்பாகம்வரை வந்து நின்றிருக்கிறது. டாஷ்போர்டுக்கு ஏறவில்லை. இது மோசமான செய்திகளில் நல்ல செய்தி.

அடுத்து இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள், அடியிலுள்ள சறுக்குப் பட்டைகள், உபரிச் சக்கரம் வைக்கும் குழி ஆகியவற்றில் துருவைப் பாருங்கள். கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்பிகளைக் கழற்றினால், செம்பு முனையில் பச்சைப் பூத்திருக்கிறதா என்று தெரியும். இதெல்லாவற்றையும்விட எனக்குக் கவலை ஏர்பேக். அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் லீவருக்கு அருகே, நடுத்தரையில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் முதலில் சேரும் இடங்களில் அது ஒன்று. சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவே இல்லை என்றால் பழுது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள்.

என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். ஏர்ஃபில்டர் பெட்டியைத் திறந்து அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை உடனே போட்டுப் பாருங்கள். அம்மாவை உட்கார வைத்து ஓட்டும் கார் அது.

சிதம்பரம் வழக்கறிஞர்:

சட்டப்படி உங்கள் நிலை வலுவாகவே இருக்கிறது. "தண்ணீர் படாத வண்டி" என்று கடைக்காரர் எழுதியனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். திரைப்பிடிப்பு எடுத்து வேறிடத்திலும் சேமியுங்கள். விற்பவர் வெளிப்படையாகச் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற வாதம் இங்கே எளிதில் எடுபடாது, ஏனென்றால் உருளைக்குள் கிடந்த சேறு பார்வைக்குத் தெரியக்கூடியதன்று.

கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டு கால வரம்பு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

ஆனால் வழக்குக்குப் போவதற்கு முன் ஆர்.சி.யில் பெயருள்ளவரைப் பார்த்துப் பேசுங்கள். முள்ளோடைத் தம்பி முன்பே சொன்னார், அதை நான் வலியுறுத்துகிறேன். அவருக்கும் இதில் அக்கறை இருக்கிறது. விற்றுவிட்டாலும் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாளை நீங்கள் ஓட்டும்போது விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழலாம். அவர் ஒத்துழைப்பார்.

நெல்லிக்குப்பம் வாசகி:

நேற்று அவரைச் சந்தித்தோம். வயதானவர், மிகவும் மரியாதையாகப் பேசினார். மறைக்கவே இல்லை. புயலன்று தெருவில் தண்ணீர் ஏறி, காரின் தரை முழுவதும் நனைந்ததாகவும், வண்டியை அவர் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டதாகவும், காப்பீட்டில் பழுது பார்த்ததாகவும் சொன்னார். கண்ணாடி அந்த இரவில் முறிந்து விழுந்த கிளையால் உடைந்ததாம். கம்பெனிப் பட்டறையின் பில்லையே எடுத்துக் கொடுத்தார். அதில் ஓட்டுநர் பக்க பெல்ட், கம்பளம், கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லை. கிலோமீட்டரும் அதில் எழுதியிருக்கிறது: 37,000-த்துச் சொச்சம். ஆக மீட்டர் உண்மை.

"விற்கும்போது இந்தப் பில்லின் நகலைக் கடையில் கொடுத்தேனே" என்றார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

ஸ்கேனரிலும் பார்த்தாகிவிட்டது. ஏர்பேக் அமைப்பில் பழுதுக் குறியீடு ஒன்று வந்தது. விளக்கு எரிந்து அணையத்தான் செய்கிறது, குறியீடு விட்டுவிட்டு வருவதாக மெக்கானிக் சொல்கிறார். இணைப்பியைக் கழற்றிக் காட்டினார்: ஒரு முனையில் பச்சை.

நூறடிச் சாலை வாகன விற்பனையாளர்:

சகோதரி, பில் நகல் கையில் இருந்தும் "தண்ணீர் படாத வண்டி" என்று எழுதியிருந்தால் அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. இப்படிப்பட்டவர்களால்தான் எங்கள் எல்லோருடைய பேச்சுக்கும் மதிப்பில்லாமல் போகிறது. தரை நனைந்து, முறையாகப் பழுது பார்த்த காரை, உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்கலாம். வாங்க ஆள் இருக்கிறார்கள். விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள்.

கேப்பர் மலை:

பேசவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. தண்ணீரில் நின்ற வண்டியின் மின்சார வேலைகள் இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகத் தகராறு செய்யும்.

வில்லியனூர் பட்டறை:

கழுத்தளவு நின்ற வண்டிக்கு அது முற்றிலும் பொருந்தும். இது தரையளவு, ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் சென்றது, கம்பெனியில் பழுது பார்த்த பில்லும் இருக்கிறது. அந்தப் பெரியவர் அன்றிரவு சாவியைத் திருகியிருந்தால் நானும் திருப்பிக் கொடுக்கத்தான் சொல்லியிருப்பேன். ஏர்பேக் பெட்டியையும் அந்த இணைப்பியையும் கம்பெனியிலேயே புதிதாக மாற்ற வேண்டும், பழைய உதிரி பொருத்த விடாதீர்கள். விலை சரியாகக் குறைந்தால் வைத்துக்கொள்ளலாம். குறையவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி:

பேசி முடித்துவிட்டோம். பெரியவரும் எங்களோடு கடைக்கு வந்தார். அவர் முன்னால் கடைக்காரரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிய புகாரின் படியையும் மேசையில் வைத்தேன். நிறுத்தி வைத்த 40,000 ரூபாயை நான் தர வேண்டியதில்லை. ஏர்பேக் பெட்டி மாற்றும் செலவு கடையுடையது, கம்பெனிப் பட்டறையில் வேலை முடிந்து இன்று வண்டி வந்துவிட்டது, ஸ்கேனரில் குறியீடு இல்லை. உற்பத்தி 2018 நவம்பர், 2024-இல் வெள்ளநீர் புகுந்து பழுது பார்த்தது என்ற இரண்டையும் புதிய ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நாளை நான் விற்கும்போது வாங்குபவருக்கும் அந்தத் தாளைக் கொடுப்பேன்.

இனி பதிவு. புதுச்சேரியில் என் சித்தி வீடு இருக்கிறது. அந்த முகவரியில் பெயர் மாற்றினால் பி.ஒய். எண்ணே இருக்கும், தமிழ்நாட்டு வரியும் மிச்சம் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

முள்ளோடைக்காரன்:

செய்யாதீர்கள் அக்கா. எல்லையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. 47-ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்கச் சொல்கிறது. உங்கள் கார் நெல்லிக்குப்பத்தில் நிற்கிறது. சித்தி வீட்டு முகவரியில் பதிவு செய்துவிட்டு, நாளை ஓர் இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் முகவரியைத் தோண்டினால் உங்களுக்குத்தான் தலைவலி.

பெரியவர் பெயரில் பாக்கியிருக்கும் அபராதத்தை முதலில் கட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் படிவம் 28 கொடுத்துப் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், ஓ.டி.பி. அவர் கைப்பேசிக்கு வரும் என்பதால் அவர் இருப்பது அவசியம். அந்தச் சான்றோடு கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, புதிய எண்ணுக்குப் படிவம் 27. தமிழ்நாட்டு வரியை வண்டியின் வயதைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, தள்ளிப்போடாதீர்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

அதோடு காப்பீட்டு மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பத்திரம் உங்கள் பெயருக்கு மாறியிருந்தால்தான் பிரச்சினை இல்லாமல் பணம் வரும். மாற்றும்போது வண்டியைப் பார்வையிட ஆள் வருவார். வெள்ளப் பழுதையும் ஏர்பேக் மாற்றிய பில்லையும் அவரிடம் நீங்களே காட்டிவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி:

காப்பீட்டுக்கு இன்றே எழுதிவிட்டேன், வாங்கிய நாளிலிருந்து 14 நாளுக்குள்தான். அபராதத்தைப் பெரியவர் நேற்றே கட்டிவிட்டார். திங்கட்கிழமை படிவம் 28 கொடுக்கப் போகிறோம், அவரும் வருகிறார். அவருடைய பெயரில் இருக்கும் ஃபாஸ்டேக்கை என்ன செய்வது?

முள்ளோடைக்காரன்:

அவர் வங்கியில் சொல்லி அதை மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் கடக்கும் ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் அவர் கணக்கிலிருந்து பணம் போகும். டி.என்.31 எண் வந்த பிறகு புதிய ஆர்.சி.யைக் கொடுத்து உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். எண் மாறியதும் இன்சூரன்ஸ் பத்திரத்திலும் புதிய எண்ணை ஏற்றச் சொல்லி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.